க்ரோன் நோய்: கீரையும் பேரீச்சையும் ஏன் போதவில்லை?

கேள்வி: எனக்கு வயது 31, எடை 46 கிலோ. மூன்று ஆண்டுகளுக்கு முன் வயிற்றுவலி, பேதி என்று போனபோது குடல் காசநோயாக இருக்கலாம் என்று 6 மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பிறகுதான் க்ரோன் நோய் என்று உறுதியானது. 14 மாதங்களுக்கு முன் அடைப்பு ஏற்பட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 35 செ.மீ. எடுத்துவிட்டார்கள். இப்போது நோயெதிர்ப்பை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரை சாப்பிடுகிறேன். எண்ணெய் பட்டால் பேதி, பால் குடித்தால் பேதி என்று ஒவ்வொன்றாக விட்டு, இப்போது இட்லி, ரசம் சோறு, பிஸ்கட்டோடு நிற்கிறேன். முடி கொட்டுகிறது, உள்ளங்கால் எரிகிறது, ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 62, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 11 சதவீதம், பி12 212, வைட்டமின் டி 11, துத்தநாகம் குறைவு, சி.ஆர்.பி. 24. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் வயிறு பிடித்து இழுக்கிறது. வீட்டில் முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட், மாதுளை என்று கொடுக்கிறார்கள். நான் எதைச் சாப்பிட வேண்டும்? குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை, அது முடியுமா? — வாசகி, திருச்சி.

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது ரத்த எண்கள் அல்ல, அந்தத் தட்டுதான். இட்லி, ரசம் சோறு, பிஸ்கட். 31 வயதுப் பெண் ஒரு வருடம் இதை வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அடைப்பு வந்து அறுவை வரை போனவருக்கு ஒவ்வொரு கவளமும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்குப் பேதி வருவதற்கு நீங்கள் விட்டுவிட்ட உணவுகள் காரணமாக இல்லாமலே இருக்கலாம். அதைச் சரிபார்க்காமல் இன்னொரு உணவைக்கூட விட வேண்டாம்.

1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பர்ரில் க்ரோனும் அவருடைய இரண்டு சகாக்களும் இந்த நோயை விவரித்தபோது, சிறுகுடலின் கடைப்பகுதியில் வரும் அழற்சி என்றுதான் சொன்னார்கள். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் அது அதிகம் குடியிருப்பது அந்தக் கடைப்பகுதியில்தான். நம் நாட்டில் குடல் காசநோயும் அதே இடத்தைத்தான் பிடிக்கும். உங்களுக்கு முதலில் காசநோய் மாத்திரை கொடுத்ததில் வியப்பில்லை. இந்த இடம் ஏன் முக்கியம் என்றால், குடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வேலை உண்டு. இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கம். பி12-ஐ உறிஞ்சுவதும், கொழுப்பைச் செரிக்க ஈரல் அனுப்பிய பித்த அமிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் கடைசிப் பகுதி. உங்களிடமிருந்து எடுத்தது இந்தக் கடைசிப் பகுதியை.

பேதியிலிருந்து தொடங்குகிறேன். ஈரலிலிருந்து வரும் பித்த அமிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதத்தைக் கடைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பிவிடும். அந்தப் பகுதி குறைந்துவிட்டால் மீதி அமிலம் பெருங்குடலுக்குள் கொட்டும். பெருங்குடல் அதைத் தாங்காது, தண்ணீரைச் சுரந்து வெளியே தள்ளும். கொழுப்புள்ள சாப்பாடு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கி அதிகப் பித்தம் வரும் என்பதால், தாளித்த குழம்பு சாப்பிட்ட அரை மணியில் தண்ணியாகப் போகும். பாலும் கொழுப்புள்ளதுதானே, அதற்கும் அதே நடக்கலாம். பார்ப்பவருக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றும். இது பித்த அமிலப் பேதியானால் கொலஸ்டிரமின் என்ற தூள் அந்த அமிலத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பலருக்குச் சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தூள் மற்ற மாத்திரைகளையும், ஏ, டி, இ, கே வைட்டமின்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மற்ற மருந்துகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ 4 முதல் 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். குடல் சுருங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இதைத் தொடங்குவது நல்லது.

அதே பேதிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நோயே திரும்பியிருக்கலாம். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. உங்களுக்கு 24, பெரும்பாலான ஆய்வகங்களில் 5-க்குள் இருக்க வேண்டியது. அறுவைக்குப் பின் 6 முதல் 12 மாதத்துக்குள் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்து, தைத்த இடத்தில் புதுப் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செய்யவில்லை என்றால் குடல்நோய் மருத்துவரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள். மலத்தில் கால்ப்ரோடெக்டின் பரிசோதனையும் கேளுங்கள். 250-க்கு மேல் வந்தால் குடலில் அழற்சி எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதை அணைக்காமல் நாம் எத்தனை சத்து ஊற்றினாலும் ஓட்டைப் பானைதான்.

இனி உங்கள் எண்களைப் பார்ப்போம். அழற்சி இருக்கும்போது ரத்தப் பரிசோதனை எண்கள் நேராகப் பேசாது. இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும். துத்தநாகம், வைட்டமின் ஏ, வைட்டமின் டி, செலினியம் எல்லாம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சத்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் நாளிலேயே சி.ஆர்.பி.யும் அல்புமினும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஃபெரிட்டின் 62 என்றதும் தாளில் நார்மல் என்று அச்சாகி வந்திருக்கும். அழற்சி இல்லாதவருக்கு 30-க்குக் கீழ் போனால்தான் இரும்புக் குறைபாடு. அழற்சி உள்ளவருக்கு 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கலாம். உங்கள் டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் நிரம்பியிருக்கும் பங்கு, 11 சதவீதம், 20-க்குக் கீழ். ஆகவே உங்களுக்கு இரும்புக் குறைபாடு இருக்கிறது. அழற்சியால் வரும் சோகையும் அதோடு கலந்திருக்கிறது.

மாத்திரை ஏன் ஏறவில்லை? உடலில் அழற்சி இருக்கும்போது ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது சிறுகுடலில் இரும்பு நுழையும் கதவைச் சாத்திவிடும். நீங்கள் விழுங்கிய இரும்பில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் கீழே இறங்கி, புண்ணான குடலை உரசிக்கொண்டு போகிறது. வயிறு பிடித்து இழுப்பது அதனால்தான். மலம் கறுப்பாவதும் உறிஞ்சப்படாத இரும்பால்தான், பயப்பட வேண்டாம். மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் காலம் போக்காதீர்கள். நோய் தீவிரமாக இருப்பவர், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருப்பவர், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர், இந்த மூவருக்கும் இரும்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதே முதல் வழி. நீங்கள் மூன்றிலும் இருக்கிறீர்கள்.

உங்கள் எடைக்கும் ஹீமோகுளோபினுக்கும் வழக்கமான கணக்கு மொத்தம் 1,500 மில்லிகிராம் இரும்பு. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தானால் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 20 மி.கி., அதிகபட்சம் 1,000. 46 கிலோவுக்கு 920 வரைதான் போகலாம் என்பதால் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை ஆகும். செலவு குறைந்த அயர்ன் சுக்ரோஸ் என்றால் தடவைக்கு 200 மி.கி.; ஏழெட்டு முறை போய்வர வேண்டும். அளவை உங்கள் மருத்துவர்தான் தீர்மானிப்பார். நீங்கள் அவரிடம் நினைவூட்ட வேண்டியது ஒன்று உண்டு. கார்பாக்ஸிமால்டோஸ் சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட்டைக் கீழே இறக்கிவிடும். வைட்டமின் டி 11-ல் இருக்கும் உங்களைப் போன்றவருக்கு அந்த வாய்ப்பு கூடுதல். ஏற்றிய இரண்டு வாரத்தில் எலும்பு வலி, தொடையில் பலமின்மை, சோகை சரியாகியும் தீராத களைப்பு என்று வந்தால் பாஸ்பேட் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 ஏறியிருக்க வேண்டும்.

பீட்ரூட்டுக்கு இப்போது வருகிறேன். 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூட இல்லை. மாதுளையில் அதையும்விடக் குறைவு. நிறம் சிவப்பு என்பதைத் தவிர ரத்தத்துக்கும் அவற்றுக்கும் பெரிய உறவில்லை. முருங்கைக்கீரை நல்ல உணவு, 100 கிராமில் சுமார் 4 முதல் 5 மி.கி. இரும்பு. ஆனால் கீரை இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும், அதுவும் கதவு திறந்திருந்தால். உங்களுக்கு வேண்டியதோ 1,500. வீட்டில் பாசத்தோடு செய்து கொடுப்பவரை நோகடிக்க வேண்டாம். கீரையைச் சாப்பிடலாம். அது குணமாக்கும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

உள்ளங்கால் எரிச்சல்தான் என்னை அவசரப்படுத்துகிறது. பி12 212 என்பது தாளில் நார்மலின் ஓரத்தில் நிற்கும் எண். 200 முதல் 300 வரை சந்தேக மண்டலம். திசுக்களில் குறைபாடு இருந்தும் ரத்தத்தில் இந்த எண் வரலாம். கடைச் சிறுகுடலில் 20 செ.மீ.க்கு மேல் எடுத்தவருக்கே பி12 குறையும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு 35. ஈரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பதால் குறைபாடு மெல்லத்தான் தலைகாட்டும். நரம்பு கெட்டுப்போன பிறகு ஊசி போட்டால் முழுதாகத் திரும்பும் என்ற உறுதி இல்லை. பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலத்தைப் பார்க்க முடிந்தால் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஊசியைத் தொடங்கலாம். தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் 1,000 மைக்ரோகிராம் தசையில் போட்டு, எரிச்சல் குறைவதைப் பார்த்து இடைவெளியைக் கூட்டி, பிறகு மாதம் ஒன்று என்று வாழ்நாள் முழுக்கத் தொடர்வது வழக்கம். ஊசி தொடங்கிய பின் ரத்தத்தில் பி12 பார்ப்பதில் பொருளில்லை, எண் வானத்தில் நிற்கும். அதைப் பார்த்து ‘கூடிவிட்டது, நிறுத்து’ என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடாதீர்கள்.

எரிச்சலுக்கு பி12 மட்டுமே காரணம் என்றும் முடிவு கட்ட முடியாது. காசநோய்க்கு 6 மாதம் எடுத்த மருந்தில் ஐசோனியாசிட் இருந்திருக்கும்; அது பி6-ஐக் குறைத்து நரம்பைச் சுடும். கூடவே தினமும் பைரிடாக்ஸின் (பி6 மாத்திரை) கொடுத்தார்களா என்று பழைய சீட்டைப் பாருங்கள். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை நீண்ட நாள் எடுத்திருந்தால் அதுவும் இதே எரிச்சலைத் தரும். தீட்டிய அரிசியும் பிஸ்கட்டுமாக ஒரு வருடம் ஓடியதில் பி1-ம் குறைந்திருக்கலாம். பழைய சீட்டுகளை ஒரு உறையில் போட்டு எடுத்துப்போனால் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் இதைப் பிரித்துவிடுவார். ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம்: பி12 ஏற்றாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகத் தொடங்குவது. ரத்தம் தேறியதுபோலக் காட்டும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். உங்கள் தாளில் எம்.சி.வி. என்ற எண்ணை (சிவப்பணுவின் சராசரி அளவு) வைத்தும் யாரும் பி12-ஐ ஊகிக்கக் கூடாது. அசாதயோபிரின் அதைத் தானாகவே ஏற்றும், இரும்புக் குறைபாடு அதை இறக்கும். இரண்டும் சேர்ந்து நடுவில் நார்மலாக நிற்கும்.

வைட்டமின் டி-க்கு 60,000 அலகுத் தூளோ மாத்திரையோ வாரம் ஒன்று, 8 வாரம், பிறகு மாதம் ஒன்று. வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினால் பாதி வீண். நாளிலேயே கொழுப்பு அதிகமுள்ள சாப்பாட்டோடு, ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வாரம் ஒன்று என்று எழுதியதை தினம் ஒன்று என்று படித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் குழப்பமுமாக மருத்துவமனையில் சேர்பவர்கள் உண்டு. உறையின் மேல் கிழமையை எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள், இலக்கு 30-க்கு மேல். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுத்திருந்தால் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் ஒருமுறை தேவை.

துத்தநாகம் பேதியோடு வெளியேறும் சத்து. குறைவு என்று தாள் சொல்வதில் ஒரு பகுதி அழற்சியின் வேலை, ஒரு பகுதி உண்மை. ஓரிரு மாதம் நாளுக்கு 20 முதல் 40 மி.கி. போதும். கடையில் கிடைக்கும் 50 மி.கி. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் தாமிரம் குறைந்துவிடும். தாமிரக் குறைபாடு எப்படி இருக்கும் தெரியுமா? சோகை, கால் மரத்துப்போதல், எரிச்சல். அச்சு அசல் பி12 குறைபாடு போலவே இருக்கும்.

முடி கொட்டுவதற்கு இரும்பு, புரதம், துத்தநாகம் மூன்றும் குறைந்ததே போதுமான காரணம். பயோட்டின் மாத்திரை வாங்காதீர்கள். பலன் இல்லை என்பது ஒருபுறம். தைராய்டு, பி12, வைட்டமின் டி பரிசோதனை முடிவுகளையே அது தப்பாகக் காட்டவைக்கும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன் ஆய்வகத்திடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இன்னொன்று, அசாதயோபிரின் தொடங்கிய முதல் சில வாரத்தில் முடி கொத்துக் கொத்தாக வந்தால் அது சத்துக் குறைவு அல்ல. என்.யு.டி.டி.15 என்ற மரபணு மாற்றம் நம் நாட்டவரிடமும் பொதுவாக ஆசியர்களிடமும் காணப்படுகிறது. அது உள்ளவருக்கு இந்த மருந்தால் வெள்ளணுவும் முடியும் சேர்ந்து விழும். உங்களுக்கு அந்தக் காலகட்டம் தாண்டிவிட்டது என்றாலும், வெள்ளணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனிச் சாப்பாடு. தைத்த இடம் சுருங்கியிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. குடல் ஸ்கேனில் தெரியும்வரை, என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எந்தப் பதத்தில் சாப்பிடுகிறோம் என்பதே முக்கியம். நார் எதிரி அல்ல, நீளமான சக்கைதான் எதிரி. வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, சோளக்கதிர், பலாச்சுளையின் நார், கொய்யா விதை, ஆரஞ்சுத் தோல், தேங்காய்ச் சில்லு, முழு வேர்க்கடலை, காளான் இவை வேண்டாம். பரங்கிக்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், கேரட் தோல் சீவி, கரண்டியால் அழுத்தினால் மசியும்வரை வேக வைத்தால் சாப்பிடலாம். கனிந்த வாழைப்பழம், பப்பாளி, தோல் சீவி வேக வைத்த ஆப்பிள் எல்லாம் சரி.

முருங்கைக்கீரையை எப்படிக் கொடுப்பது என்று வீட்டில் காட்டுங்கள். இலையை உருவும்போது கூடவே வரும் மெல்லிய ஈர்க்குதான் தொல்லை, வெந்தாலும் நூல்போலக் கிடக்கும். ஈர்க்கு நீக்கி ஆய்ந்த இலை ஒரு கைப்பிடி, குழைந்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டி, சீரகம் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து மிக்ஸியில் அடித்து, வடிகட்டியில் ஊற்றி கரண்டியால் தேய்த்து எடுங்கள். இறக்கிய பின் எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி போய்விடும். அதைக் குடித்து ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம்.

கேழ்வரகையும் சேர்க்கலாம். 100 கிராமில் சுமார் 350 மி.கி. கால்சியம் என்று எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு அதை அப்படியே கூழாக்காமல் பாலாக்கித் தரச் சொல்லுங்கள். மூன்று மேசைக்கரண்டி கேழ்வரகை 8 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் ஓர் இரவு முளைகட்டி, ஒரு டம்ளர் நீர்விட்டு அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சுங்கள். வடிகட்டும்போது உமித்தோலோடு கால்சியத்தில் கணிசமான பங்கும் துணியில் தங்கிவிடும். ஆகவே அந்த 350-ஐ முழுதாகக் கணக்கில் எடுக்காதீர்கள். தயிர், பனீர், முள்ளோடு மசியச் சமைத்த மத்தி மீன் இவை சேர வேண்டும். மாத்திரையானால் 500 மி.கி. மதியமும் இரவும் சாப்பாட்டோடு. அது சிறுநீரகத்தையும் காக்கும். செரிக்காத கொழுப்பு குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால், ஆக்சலேட் தனித்து நின்று பெருங்குடல் வழியே ரத்தத்தில் ஏறி, சிறுநீரகக் கல்லாகும். உங்களைப் போலக் கடைச் சிறுகுடலை இழந்து பெருங்குடல் இருப்பவருக்கு இந்தக் கல் வரும் வாய்ப்பு கூடுதல். பாலக்கீரையும் கடும் டீயும் அளவோடு இருக்கட்டும். வைட்டமின் சி-யை உணவிலிருந்தே எடுங்கள், 1,000 மி.கி. மாத்திரை வேண்டாம்.

நோய் தீவிரமாக இருக்கும்போது புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வேண்டும். உங்களுக்கு 55 முதல் 69 கிராம். ரசம் சோற்றில் இதில் கால்வாசிகூடத் தேறாது. காலையில் நான்கு இட்லியோடு இரண்டு அவித்த முட்டை, அதுவே ஏறக்குறைய 20 கிராம். நடுவில் ஒரு டம்ளர் தயிரை உப்புப் போட்டு மோராக்கிக் குடியுங்கள். மதியம் குழைந்த சோறு, மசித்த பாசிப்பருப்பு, சுரைக்காய்க் கூட்டு, 100 கிராம் மீன். இதில் 30-ஐத் தொட்டுவிடலாம். சாயங்காலம் வாழைப்பழமும், இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவில் காய்ச்சிய கஞ்சியும். இரவு இடியாப்பத்தோடு 50 கிராம் மசித்த கோழியோ பனீரோ. மூன்று வேளையை இப்படி ஐந்தாகப் பிரித்தால் குடலுக்கும் இலேசு. எண்ணெயை நாளுக்கு இரண்டு தேக்கரண்டியில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்று கூட்டி ஐந்தாறுக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் இல்லாமல் 46 கிலோவை 50 ஆக்க முடியாது.

விட்ட உணவைத் திரும்பக் கொண்டுவர ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு சமயத்தில் ஒரு உணவு, மூன்று நாள். முதல் நாள் இரண்டு மேசைக்கரண்டி, மறுநாள் கால் கிண்ணம், மூன்றாம் நாள் அரைக் கிண்ணம். நோட்டில் நேரம், அளவு, எத்தனை தடவை போனது, வலி இருந்ததா என்று எழுதுங்கள். ஒருநாள் பேதி வந்ததற்காக அந்த உணவை ஒதுக்காதீர்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள், இரண்டு முறையும் ஒரே மாதிரி ஆனால்தான் அது காரணம். பாலை 100 மில்லியில், சாப்பாட்டோடு முயலுங்கள்.

நான் உண்மையில் விடச் சொல்வது பிஸ்கட்டை. பாக்கெட் உணவில் சேர்க்கும் சில குழைமப் பொருட்கள் (எமல்சிஃபையர்) குடலின் சளிப்படலத்தை மெலியவைப்பதாக ஆய்வுகள் காட்டிவருகின்றன. உறையின் பின்னால் ஐ.என்.எஸ். 407, 433, 466 என்ற எண்கள் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஐஸ்கிரீமிலும் சாஸிலும் இவை அடிக்கடி இருக்கும்.

இணையத்தில் பல சிறப்பு உணவுமுறைகள் வரும். தானியத்தையும் பெரும்பாலான பால் பொருட்களையும் விலக்கும் ‘குறிப்பிட்ட கார்போஹைட்ரேட்’ முறையையும், காய்கனி, மீன், பருப்பு, ஆலிவ் எண்ணெய் சார்ந்த மத்தியதரைக்கடல் முறையையும் 194 க்ரோன் நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2021-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஆறு வாரத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியிருக்க, கடினமானதைத் தேர்ந்தெடுத்து இன்னும் மெலிய வேண்டாம். ஊட்டச்சத்துப் பானத்தை மட்டும் 6 முதல் 8 வாரம் குடிக்கும் முறை குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையாகவே தரப்படுகிறது. பெரியவர்களுக்கும் உதவும், ஆனால் அது மருத்துவரும் உணவியலாளரும் கூட இருந்து செய்வது. ஒரு வருடமாகக் குறைத்துச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று முழு அளவு ஏற்றினால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும்.

பேதி கூடும் நாளில் இளநீர் மட்டும் போதாது. அதில் பொட்டாசியம் உண்டு, பேதியில் போகும் உப்பு மிகக் குறைவு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அல்லது மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதிய அளவு நீர், கூட்டாமல் குறைக்காமல். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போடாதீர்கள், குடல் நோயைக் கிளப்பும்.

குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் நோய் அடங்கி மூன்று முதல் ஆறு மாதம் ஆன பிறகு. அழற்சி இருக்கும்போது கருத்தரித்தால்தான் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வாய்ப்புக் கூடும். அதற்குள் பி12, இரும்பு, டி மூன்றையும் நிரப்பிவிடலாம். பி12 ஊசி தொடங்கியபின் ஃபோலிக் அமிலத்தைச் சேர்ப்பார்கள். வைட்டமின் ஏ அதிகமுள்ள டானிக், மீன் ஈரல் எண்ணெய் வேண்டாம், கருவுக்கு ஆகாது. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து அசாதயோபிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

நோய் தீவிரமாக இருக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சி.ஆர்.பி.; அடங்கியபின் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை போதும். வயிறு உப்பி, பச்சை நிறத்தில் வாந்தி வந்து, காற்றும் மலமும் நின்றுபோனால் கஷாயம், வெந்நீர் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வாயில் எதுவும் போடாமல் அன்றே, இரவானாலும், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அறுவைச் சுருக்கச் சீட்டையும் ஸ்கேன் தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.